விட்டுப்போன ஓர் அடி

பொன்னம்மை பொய் சொல்லுகிறாள் என்பது பூதலிங்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்குத் திட்டவட்டமாகத் தெரிந்துபோயிற்று. முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் மனைவியின் பொய்யை அவர் கையும் களவுமாகப் பிடித்தது இதுதான் முதல் தடவை. பிடிக்காமலே இருந்திருக்கலாம் என்று பிறகு நினைத்துக்கொண்டார்.

நடந்தது இவ்வளவுதான். கூடத்துச் சோபாவில் பொன்னம்மை உட்கார்ந்திருந்தாள். புதிதாக வாங்கிய ஹோம் தியேட்டரில் அவளுடைய அப்பாவின் வில்லுப்பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பூதலிங்கம் எதிரே நின்று, "கேக்கா?" என்று வாயசைத்தார். "கேக்கு, கேக்கு. நல்லா கேக்கு" என்று தலையாட்டினாள். தொடையில் தாளம்கூடப் போட்டாள். மனிதருக்கு ஏனோ சந்தேகம். வியாபாரி புத்தி, சொந்த வீட்டுத் தங்கத்தைக்கூட உரசிப் பார்க்கும். சட்டைப் பையில் கிடந்த ரிமோட்டைத் தடவி எல்லாவற்றையும் நிறுத்தினார். பொன்னம்மை தாளம் போட்டுக்கொண்டே இருந்தாள். "குடம் நல்லா கேக்கு" என்று இன்னொரு தரமும் சொன்னாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியக்காரியாக இருந்தால் நாலு வார்த்தை திட்டி மனசை ஆற்றிக்கொள்ளலாம். இவள் மறைத்தது அவர் முகம் வாடக்கூடாது என்பதற்காக. அதற்கு எங்கே போய்த் திட்டுவது? பூதலிங்கம் கடைப் பக்கம் போய், ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடந்த கடைக்குள் தனியாக உட்கார்ந்தார்.

மலையாள தேசத்தில், சாலைக் கடைவீதியில் அவருக்கு இரும்புச் சாமான் கடை. தாத்தா காலத்தில் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து போட்டது. ஆணி, தாழ்ப்பாள், சங்கிலி, திருகாணி என்று எல்லாம் உண்டு. கீல் என்று கேட்டால் தமிழ் ஆள், விஜாகிரி என்று கேட்டால் மலையாளி என்று நிமிர்ந்து பார்க்காமலே சொல்லிவிடுவார். கடைக்குப் பின்னால் வீடு. கடைக்கு மேலே ஆஞ்சிலிப் பலகை பாவிய பழைய மச்சு. கீழே கூடத்துக்கு மட்டும், மகள் அஸ்வதியின் கல்யாணத்தின்போது, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மானம் போய்விடும் என்று பளபளவென்று டைல்ஸ் போட்டார்கள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல் பொன்னம்மையின் காதைக் கொண்டுபோயிற்று. ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் குக்கர் விசில் போயிற்று. அப்புறம் வாசல் மணி. அப்புறம், பெங்களூரிலிருந்து கூப்பிடுகிற அஸ்வதியின் குரல். "மேல் சத்தம் எல்லாம் போயாச்சு, கீழ் சத்தம் கொஞ்சம் மிச்சமுண்டு. குயில் கேக்காது, இடி கேக்கும்" என்று டாக்டர் சொன்னார். காது மெஷின் வாங்கினார்கள். மாட்டினால் வீட்டுப் பாத்திரம் அத்தனையும் மண்டைக்குள் உருளுகிறது என்று அதைக் கழற்றி அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்குப் பக்கத்தில் வைத்தாள். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கப் பழகிக்கொண்டாள். புருஷன் உதடு அவளுக்கு மனப்பாடம். வாயைத் திறக்குமுன்னே பதில் வந்துவிடும். கடையில் ஆட்களைத் திட்ட, செவிடன் காதில் சங்கு ஊதின கதை என்று தினமும் நாலு தடவை சொல்லிக்கொண்டிருந்தவர் பூதலிங்கம். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு அந்தப் பழமொழி அவர் வாயில் வரவில்லை.

பொன்னம்மையின் அப்பா பெயர் வேலாயுதன். பூதப்பாண்டிப் பக்கம் குடத்து வேலாயுதன் என்றால்தான் ஆள் தெரியும். வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிக்கிறவர். குழுவுக்குத் தலைவரான அண்ணாவி, மண்குடத்தின் கழுத்தில் கட்டிய பெரிய வில்லைக் கோலால் அடித்துக் கதை பாடுவார். வேலாயுதன் பக்கத்தில் உட்கார்ந்து, கமுகம்பாளையில் வெட்டின மட்டையால் குடத்தின் வாயில் அடிப்பார். வில்லின் மணிச் சத்தமும் ஜால்ராவும் காதுக்கு, குடம் வயிற்றுக்கு. பும் என்று அது விழுந்தால், கோயில் மணலில் உறங்கிக் கிடக்கிற பிள்ளைகள்கூட ஒரு தரம் புரண்டு படுக்கும்.

எண்பத்தெட்டில் கல்யாணமான புதிதில், சித்திரை கடைசிச் செவ்வாய் ஊர் அம்மன் கோயில் திருவிழாவான கொடைக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் போனார்கள். மாமனார் முந்தின நாளே விரதத்தோடு கோயிலில் போய்த் தங்கிவிட்டார். கல்யாணம் முடிந்து இரண்டு மாசமாக அவர் மகளைப் பார்க்கவில்லை. பூதலிங்கம், வளைகுடாவிலிருந்து ஒரு சிநேகிதன் கொண்டுவந்த டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு முன்னாலேயே போய், மேடைக்கு அடியில் வைத்துப் பொத்தானை அமுக்கிவிட்டு, ஊரெல்லாம் பார்க்கட்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அரைமணி கழித்துப் பெண்களோடு பெண்ணாகப் பொன்னம்மை கல்யாணப் புடவையில் உள்ளே வந்தாள். வேலாயுதன் நிமிர்ந்தார். மகளைக் கண்டார். ஓங்கின மட்டை ஓங்கினபடி நின்றுவிட்டது.

ஒரே ஓர் அடி. அதுதான் விட்டுப்போயிற்று. நாற்பது வருஷம் குடம் அடித்தவர் வாழ்க்கையில் தவறிய அடி அது ஒன்றுதான் என்று ஊரில் சொல்லுவார்கள். அடுத்த அடியைச் சரியாகப் பிடித்துவிட்டார். ஆனால் அண்ணாவி விடுவாரா? பாட்டுக்கு நடுவிலேயே மைக்கில், "மவளைக் கண்டதும் குடத்துக்காரருக்குக் கை மறந்து போச்சு!" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. எல்லாம் அந்த டேப்பில் இருக்கிறது. மூன்றாம் வருஷம் வேலாயுதன் காலமாகிவிட்டார். அவர் கையின் சத்தம் என்று உலகத்தில் மிஞ்சியது அந்த ஒரு கேசட்தான்.

அதற்கப்புறம் வருஷாவருஷம் சித்திரை கடைசிச் செவ்வாயன்று, ஊருக்குப் போக முடிந்தாலும் முடியாவிட்டாலும், பொன்னம்மை அந்தக் கேசட்டைப் போட்டுக் கேட்பாள். அந்த இடம் வரும்போது கையைத் தூக்கி ஒரு நிமிஷம் அப்படியே வைத்திருப்பாள். பிறகு சிரிப்பாள். கேசட் நைந்துபோகும் என்று பயந்து அஸ்வதி அதைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். ஏற்றிக் கொடுத்த அடுத்த வருஷமே பொன்னம்மையின் காது போய்விட்டது. ஐந்து கொடை கேட்காமலே கழிந்தது. அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் மச்சில் தனியாகப் போய் உட்கார்ந்து காய் நறுக்குவாள்.

டாக்டர் சொன்ன அந்த 'இடி கேக்கும்' பூதலிங்கத்தின் மண்டையில் பழுக்க இவ்வளவு நாள் ஆயிற்று. குடமும் இடி ஜாதிதானே! ஒரு நாள் மகளுக்குப் போன் போட்டுக் கேட்டார்.

"அப்பா, அடிச் சத்தத்துக்குன்னே தனிப் பெட்டி உண்டு. சப்ஊஃபர். நல்லதா ஒண்ணு வாங்குங்கோ. அம்மைக்குக் கேக்கும்" என்றாள் அஸ்வதி.

இந்த வருஷக் கொடைக்கு முன்னால் பொன்னம்மைக்கு அந்தக் குடத்தைக் கேட்கவைத்தே தீருவது என்று மனிதர் கங்கணம் கட்டிக்கொண்டார். இரண்டு வாரத்துக்கு முன்னால் பெட்டி வந்தது. மாட்டுவதற்கு விபின் வந்தான். பக்கத்துத் தெருவில் சவுண்ட் சிஸ்டம் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவான். டிவிக்குப் பக்கத்தில் சப்ஊஃபரை வைத்து, பாட்டைப் போட்டான்.

"குடம் எங்கடே?" என்றார் பூதலிங்கம். ஜால்ரா கேட்டது, அண்ணாவி கேட்டார், குடம் மட்டும் பேருக்கு எங்கேயோ முனகியது.

"கட்ஆஃப் அறுபதிலாணு அங்கிள். அதுக்கு மேல உள்ள சத்தம் பெட்டி எடுக்காது. குடத்தின்ற சத்தம் கொஞ்சம் மேலயாக்கும்" என்று பின்பக்கத்துத் திருகை நூற்றிருபதுக்குத் தள்ளினான் விபின். குடம் வந்தது. பூதலிங்கத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வால்யூமைத் தூக்கு தூக்கு என்றார். கண்ணாடி அலமாரியில் அஸ்வதி வாங்கின கோப்பைகள் எல்லாம் கடகடவென்று பேச ஆரம்பித்தன.

"மதி அங்கிள், போரும்! இனியும் கூட்டினா வீடு இளகும் கேட்டோ" என்று விபின் ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டான்.

வேடிக்கை என்னவென்றால், அவ்வளவு சத்தமும் வாசல் பக்கம் நின்றால் வயிற்றைப் பிசைகிறது. சோபாவில் வந்து உட்கார்ந்தால் ஒன்றுமே இல்லை. அதற்கும் அஸ்வதியிடம் மருந்து இருந்தது. "சில ரூமுல அப்படித்தான்ப்பா, ஒரு எடத்துல சத்தம் கூடும், ஒரு எடத்துல செத்துப்போகும். பெட்டியைத் தூக்கி அம்மை இருக்கிற சோபாவுல வையுங்கோ. பாட்டைப் போட்டுட்டு, நீங்க முட்டுக்குத்தித் தரையோட சுத்தி வாங்கோ. எங்க குடம் நல்லா கேக்கோ, பெட்டியோட எடம் அதாக்கும்."

அறுபத்துநாலு வயசில், சாலைக் கடைவீதியில் நாலு பேர் வணக்கம் சொல்லுகிற மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடத்தில் தவழ்ந்தார். மூலை மூலையாகப் போய்க் காதைத் தரையோடு சாய்த்தார். சமையலறையிலிருந்து வந்த பொன்னம்மை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னத்தைத் தொலைச்சியோ?"

"குடத்தை" என்றார், நிமிர்ந்து பார்த்து. அவள் சிரித்த சிரிப்பு அவருக்குத் தவழ்ந்ததற்குக் கூலி மாதிரி இருந்தது.

மாடிப்படிக்குப் பக்கத்தில் அந்த இடம் அகப்பட்டது. பெட்டியை அங்கே வைக்கும்போதுதான் பூதலிங்கத்துக்கு மாமனார் ஞாபகம் வந்தார். வேலாயுதன் ஒருநாளும் குடத்தை வெறும் தரையில் வைத்ததில்லை. வைக்கோல் பிரியை வளையமாகச் சுற்றிக் கட்டி, அந்தப் பிரிமணை மேல்தான் வைப்பார். மறந்துபோய் யாராவது தரையில் வைத்துவிட்டால், கொடையே நின்றாலும் மட்டையைத் தொடமாட்டார். பூதலிங்கம் உடனே பானைக் கடையில் போய்ப் பெரிதாக ஒரு பிரிமணை வாங்கிவந்து சப்ஊஃபருக்கு அடியில் வைத்தார். விபின் தலையைச் சொறிந்தான். "இது எந்தா அங்கிள், பூஜையோ?" என்றான். "ஆமாடே, எங்க ஆளுகளுக்கு இது அப்படித்தான்" என்றார். அவர் காதுக்குச் சத்தம் இன்னும் சுத்தமாக, அலமாரிக் கோப்பைகள் ஆடாமல், குடம் குடமாகவே கேட்டது.

பொன்னம்மையும் கேட்கிறது என்றாள். அப்புறம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

பூட்டின கடைக்குள் அவர் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாரோ, பொன்னம்மை காப்பியோடு வந்து நின்றாள். விளக்கைப் போட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நிப்பாட்டிப் பாத்தியோ, இல்லியா?"

அவர் சட்டைப் பையிலிருந்து ரிமோட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"பின்ன என்ன சொல்லணும்? ரெண்டு வாரமா முட்டுத் தேயத் தவழுதியோ. கேக்கல்லன்னு சொல்ல எனக்கு மனசு வருமா?" பொன்னம்மை காப்பியை மேஜை மேல் வைத்தாள். "கேக்காட்டாலும் எனக்குச் சந்தோசந்தான். அப்பாவைப் போட்டிருக்கியோ, நான் பக்கத்துல இருக்கேன். அது போரும்."

"எனக்குப் போராது" என்றார் பூதலிங்கம். குரல் உடைந்துபோயிற்று. அவளுக்கு அது கேட்காது என்பதுதான் ஓர் ஆறுதல். "அஞ்சு வருசமாச்சு பொன்னம்மே. நாளன்னைக்குக் கொடை. ஒரு தடவை நீ அந்தக் கையைத் தூக்கணும். அதை எனக்குப் பாக்கணும்."

அவள் அவர் உதட்டைப் படித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேச்சை மாற்றுகிறவள் மாதிரிக் கோபமாகச் சொன்னாள். "ஒங்க காதுக்கு நல்லா இருக்குத எடமாத் தேடினியோ. எனக்குக் காதா இருக்கு? சங்கிலி லோடு வந்து எறக்கினா, நீங்க கூப்பிடுததுக்கு முன்னாடி நான் எப்படி வாரேன்? மச்சுல இருந்தா உள்ளங்கால்ல தெரியும். அந்தப் பலகை சொல்லும். கூடத்துல என்ன இருக்கு, ஐஸு மாதிரி டைல்ஸு."

காப்பி ஆறிப்போயிற்று. பூதலிங்கம் மேலே மச்சுப் பலகையை அண்ணாந்து பார்த்தார். மாமனார் ஒருநாள் சொன்னது அப்போதுதான் முழுசாகக் காதில் விழுந்தது. பிரிமணை எதுக்கு மாமா என்று கேட்டபோது, "சத்தம் மண்ணுக்குள்ள போயிரப்பிடாது மாப்பிளே. வாய் வழியா மேல வரணும், கூட்டத்துக்குப் போகணும்" என்றார் வேலாயுதன். அவருக்குச் சத்தம் தரைக்குள் போகக்கூடாது. இங்கே தரைக்குள் போனால்தான் சேரவேண்டிய இடத்துக்குச் சேரும். கோயில் கூட்டத்துக்குச் செய்த வழக்கத்தைக் கூடத்தில் செய்து, அப்பா குடத்தை மகளுக்கு எட்டாமல் நிறுத்திவைத்தது தன் கையேதான் என்று அவருக்கு விளங்கிற்று. தன் புத்தியை ஒரு வசவு வைதுகொண்டார்.

திங்கட்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, விபினைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் மச்சுக்கு ஏற்றினார். சப்ஊஃபரைப் பலகை நடுவில் வைக்கப்போன விபின், பழகின வழக்கத்துக்குப் பிரிமணையை எடுத்தான்.

"வேண்டாம். வெறும் பலகையில வை" என்றார் பூதலிங்கம். மாமனார் இருந்தால் மட்டையைக் கீழே போட்டிருப்பார்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் பொன்னம்மை குளித்து, பூ வைத்து, மச்சுக்கு வந்தாள். ஐந்து வருஷமாக உட்காருகிற அதே இடத்தில் சம்மணம் போடப் போனாள். "சம்மணம் வேண்டாம். உள்ளங்காலைப் பலகையில ஊன்று" என்று சைகை காட்டினார். முழங்காலைக் குத்தவைத்து, பாதம் இரண்டும் ஊன்றி, ஒரு கையையும் பலகை மேல் விரித்து வைத்துக்கொண்டாள். பூதலிங்கம் எதிரே உட்காரவில்லை. இந்தத் தடவை மோசம் போகத் தயாராக இல்லை. அவர் முகத்தைப் பார்த்துத்தானே அவள் தலையாட்டுகிறாள்? முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். பாட்டையும் முதலிலிருந்து போடவில்லை. நடுவில் எங்கேயோ ஓர் இடத்தில் தொடங்கினார். எங்கே என்று அவளுக்குத் தெரிய வழியில்லை.

முதல் அடி விழுந்ததும் பலகை முழுக்க ஓர் அதிர்வு ஓடிற்று. கீழே கடையில் தகர டப்பாக்களில் ஆணிகள் கிலுகிலுத்தன. பொன்னம்மையின் முதுகு நிமிர்ந்தது. அவள் திரும்பி அவரைப் பார்க்கவில்லை. கேக்கு என்று சொல்லவுமில்லை.

அண்ணாவி கதையை இழுத்தார். வில் அடித்தது, ஜால்ரா அடித்தது. அதெல்லாம் அவருக்கு மட்டும். பும், பும் என்று குடம் மட்டும் பலகை வழியே போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் கழித்துப் பொன்னம்மையின் வலது கை மெல்ல எழும்பி முழங்காலில் விழுந்தது. மறுபடி எழும்பி விழுந்தது. குடத்தோடு சேர்ந்துதான் விழுகிறதா, இல்லை பழைய ஞாபகத்தில் போடுகிற தாளமா? அவரால் நிச்சயம் செய்ய முடியவில்லை. ஒன்றிரண்டு இடத்தில் பிந்துகிற மாதிரியும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தானே போட்டாள். அவளை நம்பவும் பயமாக இருந்தது, நம்பாமல் இருக்கவும் மனசில்லை.

அந்த இடம் நெருங்கியது. பூதலிங்கத்துக்கு அது எண்ணிக்கையோடு தெரியும். அண்ணாவி குரலை உயர்த்தி இரண்டு வரி பாடுவார், குடம் எட்டு அடி போகும், ஒன்பதாவது இராது. அவர் மனைவியின் கையையே பார்த்தார். ஆறு. ஏழு. எட்டு.

பொன்னம்மையின் கை எழும்பியது. எழும்பினபடி நின்றது.

அண்ணாவி மைக்கில் கிண்டல் செய்தார். எண்பத்தெட்டு சித்திரையின் கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பில் இருபத்தெட்டு வயசுப் பூதலிங்கத்தின் சிரிப்பும் ஒன்று. பொன்னம்மைக்கு அதில் எதுவும் கேட்கவில்லை. அவள் கை அந்தரத்தில் நின்றது. அடுத்த குடம் பலகையில் விழுந்தபோது, அதோடு சேர்ந்து, ஒரு மயிரிழை பிசகாமல், கையும் முழங்காலில் விழுந்தது.

அவள் திரும்பினாள். முகமெல்லாம் நனைந்திருந்தது. அறுபது வயசுப் பொம்பிளை, அப்பா கண்ணில் பட்டுவிட்ட புதுப்பெண்ணின் வெட்கத்தோடு சிரித்தாள்.

"அப்பா என்னைப் பாத்துட்டாவ" என்றாள்.